கருவி வாய் திறவாதபோது நிரல் செய்யத்தக்கது யாது?

போர்ட் கொச்சிக்கும் எர்ணாகுளத்திற்கும் இடையே உள்ள வில்லிங்டன் தீவு, கப்பற்கால்வாயை ஆழப்படுத்தத் தோண்டிய மண்ணைக் கொண்டு உருவாக்கப்பட்டதாகும். துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ அப்பணியை நடத்தினார். இத்தீவின் கடல் மட்டப் பதிவுகள் 1939ஆம் ஆண்டு முதல் உலகத் தொகுப்புகளில் இடம்பெற்று வருகின்றன. அதற்கு முன்னரே, 1909இல் முடிவுற்ற இந்திய மட்ட அளவைக்கு ஆதாரமாகக் கொள்ளப்பட்ட ஒன்பது துறைமுகங்களில் நாகப்பட்டினம், சென்னை ஆகியவற்றோடு கொச்சியும் ஒன்றாக இருந்தது. கொச்சியில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு உட்பட்டதே. அளவு சிறிதாயினும் அதன் பயன் பெரிது.

பழைய ஓதமானியின் அமைப்பைப் பள்ளி ஆசிரியர் பலரும் அறிவர். கடல் நீர் சிறு துவாரத்தின் வழியே உட்புகும் குழாய் ஒன்று. அதனுள் ஒரு மிதவை. மிதவையோடு கம்பியால் பிணைக்கப்பட்ட எழுதுகோல். கடிகாரத்தால் சுழலும் உருளை. அதன்மேல் சுற்றிய காகிதம். மிதவை சிக்கிக்கொண்டால் காகிதத்தில் நேர்கோடு விழும். கடிகாரம் நின்றால் எழுதுகோல் ஒரே இடத்தில் மேலும் கீழும் கிறுக்கும். மை உலர்ந்தால் காகிதம் வெறுமையாக இருக்கும். மூன்று பழுதுகளுக்கும் மூன்று வேறு அடையாளங்கள் உண்டு. நாள்தோறும் காகிதத்தை மாற்ற வரும் பணியாளர், அதனைக் கண்ட அளவிலேயே எது கெட்டது என்று சொல்லிவிடுவார்.

இக்காலத்து ஓதமானியில் மிதவைக்குப் பதிலாக அழுத்த உணரியோ ரேடார் உணரியோ அமைகின்றது. காகிதத்திற்குப் பதிலாக ஒரு சிறு கணிப்பொறி நீர்மட்டத்தை எண்ணாகக் குறித்துக்கொண்டு தொலைவிலுள்ள நிலையத்திற்கு அனுப்புகின்றது. நுட்பமும் விரைவும் கூடியுள்ளன என்பதில் ஐயமில்லை. ஆனால் காகிதம் தானாகவே காட்டிய அந்த மூன்று அடையாளங்களை எண்கள் தானாகக் காட்டுவதில்லை. உணரி வாய் திறவாதபோது என்ன செய்ய வேண்டும் என்பதை நிரல் எழுதுவோர் முன்கூட்டியே தீர்மானித்து எழுதினாலொழிய, கணிப்பொறி ஒன்று அசைவற்று நின்றுவிடும்; இல்லையேல் பொய் சொல்லும். இவ்விரண்டில் எது நேர்கின்றது என்பது, கருவியிலிருந்து எண்ணைப் பெறும் "ரீட்" எனப்படும் ஆணை எவ்வாறு நடந்துகொள்கின்றது என்பதைப் பொறுத்தது. இவ்விஷயம் நிரல் வல்லுநர்களுக்கு மட்டும் உரியது என்று களப்பணியாளரும் ஆசிரியரும் ஒதுக்கி வைத்திருப்பது சரியன்று.

யூனிக்ஸ் வழிவந்த இயக்க முறைமைகளில், லினக்ஸ் உட்பட, ஏறத்தாழ ஒவ்வொரு சாதனமும் ஒரு கோப்பைப் போலவே நிரலுக்குத் தோற்றமளிக்கின்றது. நிரல் அக்கோப்பைத் திறந்து "ரீட்" என்று கேட்கின்றது. அக்கேள்வி, கெர்னல் எனப்படும் முறைமையின் உட்கருவின் வழியே, அச்சாதனத்திற்குரிய இயக்கியைச் சென்றடைகின்றது. இயக்கி என்பது ஒரு குறிப்பிட்ட கருவியின் பாஷையை அறிந்த சிறு நிரல். கருவி அனுப்பிய செய்தி ஏற்கெனவே வந்து தேங்கியிருந்தால் இயக்கி அதனை உடனே எடுத்துக் கொடுத்துவிடும். அங்கே சிக்கல் ஒன்றுமில்லை. தேக்கம் வெறுமையாக இருக்கும்போதுதான் இரு வழிகள் பிரிகின்றன.

முதல் வழி, காத்திருந்து படித்தல். இயக்கி, கேட்ட நிரலைக் காத்திருப்போர் வரிசையில் சேர்த்து உறங்கச் செய்கின்றது. உறங்கும் நிரலுக்குச் செயலியின் நேரம் சிறிதும் செலவாவதில்லை. அந்நேரத்தில் வேறு நிரல்கள் இயங்குகின்றன. கருவியிலிருந்து செய்தி வந்ததும், வன்பொருள் ஒரு குறுக்கீட்டை எழுப்புகின்றது. இயக்கி செய்தியைத் தேக்கத்தில் இட்டு, உறங்குவதை எழுப்புகின்றது. இதுவே யாதும் சொல்லாவிடில் நடைபெறும் இயல்பான வழி. பலர் எண்ணுவது போல இது பழமையான, மந்தமான வழி அன்று. கணிப்பொறியின் ஆற்றலை மிகச் சிக்கனமாகச் செலவிடும் வழி இதுவே. ஆயினும் கருவி ஒருபோதும் பேசாவிடில் நிரலும் ஒருபோதும் எழுந்திராது.

இரண்டாவது வழி, காத்திராமல் படித்தல். சாதனத்தைத் திறக்கும்போதே "தடைப்பட வேண்டாம்" என்னும் கொடியை நிரல் உயர்த்திவிடுகின்றது. அதன்பின் தேக்கம் வெறுமையாக இருப்பின், இயக்கி உடனே "இப்போது ஒன்றுமில்லை, மீண்டும் முயல்க" என்னும் பிழைக் குறியோடு திரும்பிவிடும். நிரல் தன் வேறு அலுவலைப் பார்க்கலாம்.

போர்ட் கொச்சியின் கரையில் சீனவலை இயக்கும் மீனவர்கள் இவ்விரண்டையும் செய்வதில்லை என்பது கவனிக்கத்தக்கது. மீன் புகுந்தது என்று வலை யாருக்கும் அறிவிப்பதில்லை; ஆகையால் மீன் வரும்வரை வலையை நீரிலேயே விட்டிருப்பதில் பயனில்லை. இறக்கிய நொடியிலேயே தூக்கிப் பார்ப்பதும் வீண். கற்கள் கட்டித் தொங்கும் அக்கனத்த மரச்சட்டத்தைச் சில நிமிஷங்கள் நீரில் விட்டு, பின்னர் பலர் கூடிக் கயிற்றை இழுத்து உயர்த்துகின்றனர். மீன் இருப்பினும் இல்லாவிடினும் வலை உயர்ந்தே தீரும். காலவரம்பிட்ட காத்திருத்தல் என்று இதனைக் கூறலாம். உவமையை இதற்குமேல் நீட்டுவது தகாது; கணிப்பொறிக்கு மீனவருக்கில்லாத ஒரு வசதி உண்டு. மீன் புகுந்த கணமே அதனை எழுப்பிவிடக் குறுக்கீடு என்னும் மணி இருக்கின்றது.

காத்திராமல் படித்தலே முன்னேற்றமான முறை என்று கருதி, எல்லா நிரல்களிலும் அக்கொடியை உயர்த்திவிடுவோர் உளர். அவர்கள் எழுதும் நிரல் "வந்ததா, வந்ததா" என்று ஒரு நொடியில் பல்லாயிரம் முறை கேட்டுக்கொண்டிருக்கும். மேசைக் கணிப்பொறியில் இதன் தீமை விசிறியின் இரைச்சலாக மட்டுமே தெரியும். சூரிய ஒளித் தகட்டையும் மின்கலத்தையும் நம்பிக் கடற்கரையில் நிற்கும் கருவிப்பெட்டியிலோ, தென்மேற்குப் பருவமழையில் தொடர்ந்து மேகம் கவிந்திருக்கும் நாட்களில், இரவு முடிவதற்குள் மின்கலம் தீர்ந்துவிடக் கூடும். பதிவு மிகவும் தேவைப்படும் காலத்தில்தான் கருவி அணையும்.

இதற்குத் தக்க மாற்று நெடுநாட்களுக்கு முன்பே கண்டறியப்பட்டது. 1983இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 4.2 பி.எஸ்.டி. யூனிக்ஸில் "செலெக்ட்" என்னும் ஆணையும், பின்னர் 1986இல் சிஸ்டம் ஐந்தின் மூன்றாம் வெளியீட்டில் "போல்" என்னும் ஆணையும் சேர்க்கப்பட்டன. இவற்றின் மூலம் நிரல் ஒன்று பல சாதனங்களை ஒருசேரக் குறிப்பிட்டு, "இவற்றுள் எதில் செய்தி வந்தாலும் எழுப்புக, இத்தனை மில்லிநொடிக்குள் எதிலும் வராவிடினும் எழுப்புக" என்று சொல்லி உறங்கலாம். செயலியின் நேரம் வீணாவதில்லை. ஒரு கருவியின் மௌனம் மற்றொன்றின் செய்தியைத் தடுப்பதுமில்லை. களத்தில் நிறுவப்படும் எந்தப் பதிவுக் கருவியிலும் இம்முறை இருத்தல் வேண்டும். வரம்பற்ற காத்திருத்தலும் இடைவிடாத நச்சரிப்பும் அங்கே இடம்பெறலாகாது.

ஒரு நிலையத்தில் நீர்மட்ட உணரி, காற்றழுத்த உணரி, மழைமானி ஆகிய மூன்றையும் ஒரே நிரல் வரிசையாகப் படிக்கின்றது எனக் கொள்க. மூன்றும் காத்திருந்து படிக்கும் வகையின. எலி கடித்தோ உப்புக்காற்றில் துருவேறியோ மழைமானியின் கம்பி அறுந்துவிட்டது. அடுத்த சுற்றில் நிரல் மழைமானியிடம் வந்து நின்றதும் அங்கேயே உறங்கிவிடும். நீர்மட்ட உணரி முற்றிலும் நலமாக இருந்தும் அதன் பேச்சைக் கேட்பாரில்லை. 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை மேற்குக் கரையையும் சுற்றி வந்து கொச்சியின் ஓதமானியில் பதிவாயிற்று. அதன்பின் 2007இல் ஹைதராபாதிலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் அமைக்கப்பட்டது. தென் இந்தியப் பெருங்கடலின் தொலைதூரப் புயல்களால் எழுந்து, கேரளக் கரையில் காற்றோ மழையோ இன்றித் திடீரெனப் புகும் நீர்ப்பெருக்கை மீனவர் "கள்ளக்கடல்" என்பர். அதற்கும் அம்மையம் முன்னறிவிப்புத் தருகின்றது. இத்தகைய பணியில் சில நிமிஷத் தாமதமும் பொறுக்கத்தக்கதன்று. அறுந்த கம்பி மழைமானியினுடையதாக இருக்க, இழப்பு கடல் மட்டப் பதிவினுடையதாகும் அமைப்பை எந்தப் பொறியாளரும் தெரிந்து ஏற்கமாட்டார். தெரியாமல் ஏற்பதே நடக்கின்றது.

ஒவ்வொரு உணரிக்கும் தனித்தனி இழையாக நிரலைப் பிரித்து, ஒவ்வோர் இழையும் தன் கருவியிடம் மட்டும் காத்திருக்கச் செய்யலாமே என்று சிலர் கூறுவர். அதுவும் நேர்மையான முறையே, எளிதில் விளங்குவதும்கூட. ஆனால் கருவியிடம் உறங்கும் இழையை நிறுத்த வேண்டிவந்தால் அதனை எழுப்புவது அத்துணை எளிதன்று. அன்றியும் இயக்கியே பிழையாக எழுதப்பட்டிருப்பின், உறங்கும் நிரலைக் கொல்லும் ஆணைகூட அதனைச் சென்றடையாது. நல்ல இயக்கி, செய்திக்காக உறங்கும்போது நிறுத்தும் சைகைக்கும் செவிகொடுக்கும். எழுந்தபின் செய்தி உண்மையிலேயே இருக்கின்றதா என்று மறுபடியும் சோதிக்கும், ஏனெனில் வேறொரு நிரல் அதனை முந்தி எடுத்துச் சென்றிருக்கலாம். உறங்கச் செல்லுமுன் தான் பூட்டிய பூட்டைத் திறந்துவிடும். கடைசியாகச் சொன்னதை மறந்த இயக்கியில், சாவியை மடியில் வைத்துக்கொண்டு காவற்காரன் தூங்கிய கதையே நடக்கும்.

நின்றுபோன நிரலைக் குறிப்பிட்ட நேரத்திற்குப் பின் தானாகவே மறுபடி தொடங்கச் செய்யும் "வாட்ச்டாக்" என்னும் காவற்சுற்றைப் பொருத்திவிட்டால் போதும் என்பது மற்றொரு கட்சி. காவற்சுற்று வேண்டியதே. எனினும் ஒவ்வொரு பத்து நிமிஷத்திற்கும் அதே மழைமானியிடம் வந்து நின்று, அதே இடத்தில் உறங்கி, மறுபடி தொடங்கும் கருவியைக் குணமானது என்று சொல்ல முடியாது. நோய்க்கு மருந்து தராமல், மயங்கியவனை ஓயாது தட்டி எழுப்புவது போன்றது அது.

நிரல் அசைவற்று நிற்பது ஒருவகையில் சிறிய தீமையே. பதிவில் இடைவெளி தெரியும், எவரேனும் வந்து பார்ப்பர். பூஜ்யம் என்னும் எண் அதனினும் பெரிய தீமை. இதற்கு யூனிக்ஸின் சரித்திரத்திலேயே ஒரு படிப்பினை உண்டு. சிஸ்டம் ஐந்து வகை யூனிக்ஸில் காத்திராமல் படிக்கும் பழைய கொடி ஒன்று இருந்தது. அதனை உயர்த்தினால், செய்தி இல்லாதபோது "ரீட்" பூஜ்யத்தைத் திருப்பித் தந்தது. ஆனால் கோப்பு முடிந்துவிட்டது என்பதற்கும் அதே பூஜ்யம்தான் விடை. "இன்னும் வரவில்லை" என்பதும் "இனி வராது" என்பதும் ஒரே சொல்லால் குறிக்கப்பட்டன. 1988இல் வெளியான போசிக்ஸ் தரநிலை இதனைத் திருத்தி, புதிய கொடி ஒன்றை வகுத்து, செய்தி இல்லாமைக்குத் தனிப் பிழைக் குறியை விதித்தது. வந்தது, இன்னும் வரவில்லை, இனி வராது என மூன்று விடைகளும் இவ்வாறு பிரிக்கப்பட்டன. உருளைக் காகிதம் தானாகவே காட்டிய வேறுபாட்டை மீட்டுக்கொள்ளக் கணிப்பொறி உலகிற்கு இத்தனை ஆண்டுகள் ஆயின.

திருத்தம் எங்கும் பரவிவிட்டது என்றும் கூறவியலாது. சீரியல் போர்ட் என்னும் தொடர்முக இணைப்பில், நிரல் விரும்பினால் பத்தில் ஒரு நொடி என்னும் அலகில், அதிகபட்சம் 25.5 நொடி வரை காலவரம்பு விதிக்கலாம். அவ்வரம்பு கடந்தால் கிடைக்கும் விடை இன்றும் பூஜ்யமே. அதே அமைப்பில், "குறைந்தது ஓர் எழுத்தாவது வர வேண்டும்" என்னும் நிபந்தனையையும் சேர்த்துவிட்டால், கால அளவு முதல் எழுத்து வந்த பின்னரே தொடங்கும். முதல் எழுத்தே வராவிடில் வரம்பு விதித்தும் பயனின்றி நிரல் என்றென்றும் காத்திருக்கும். காலவரம்பு இட்டுவிட்டோம் என்று நம்பியிருப்போர் பலர் அறியாத பொறி இது.

பள்ளிகளில் இவ்விஷயம் இன்னும் நெருங்கி வந்துவிட்டது. கேரளத்தில் 2018இல் தொடங்கப்பட்ட "லிட்டில் கைட்ஸ்" என்னும் மாணவர் மன்றங்களில் ஆர்டுயினோ பலகைகளைக் கொண்டு கருவிகள் செய்யப்படுகின்றன. புது தில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையம் உருவாக்கிய "எக்ஸ்ப்-ஐஸ்" என்னும் சோதனைப் பெட்டியும் பள்ளி, கல்லூரிப் பௌதிக வகுப்புகளில் பயன்படுகின்றது. இப்பெட்டியோடு பேசப் பைத்தான் பாஷையில் எழுதிய நிரல்கள் வழங்கப்படுகின்றன. தொடர்முக இணைப்புக்கு மாணவர் பொதுவாக எடுத்தாளும் பைத்தான் நூலகத்தில், காலவரம்பு ஏதும் குறிக்காவிடில் நிரல் முடிவின்றிக் காத்திருக்கும். பூஜ்யம் என்று குறித்தால் சிறிதும் காத்திராது. ஓர் எண்ணைக் குறித்தால் அத்தனை நொடி காத்திருந்து, வந்தவரையில் தரும். ஆர்டுயினோவிலோ, எண்ணைப் படித்துத் தரும் ஆணை இயல்பாக ஒரு நொடி காத்திருந்து, எதுவும் வராவிடில் 0 என்னும் எண்ணையே தந்துவிடுகின்றது. அறுந்த கம்பியின் 0 எது, உண்மையாக அளந்த 0 எது என்று அறிய அவ்விடையில் வழியில்லை. வெப்பநிலையை அளக்கும் மாணவன், கொச்சியில் 0 டிகிரி என்பது நடவாது என்று தன் பொது அறிவால் தப்பித்துக்கொள்வான். நீர்மட்டத்தை அளப்பவனுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. ஓத அளவின் பூஜ்யம் தாழ்ந்த நீர்மட்டத்தை ஒட்டியே வைக்கப்படுகின்றது. ஆகையால் அங்கே 0 என்பது நம்பத்தக்க எண்.

இதன் விளைவை ஒரு சிறு கணக்கால் காட்டலாம். ஒரு நிலையத்தில் சராசரி நீர்மட்டம் பூஜ்யக் குறிக்கு மேல் 600 மில்லிமீட்டர் என்று கொள்க. மணிக்கு ஒன்றாக ஆண்டுக்கு 8,760 அளவுகள். அவற்றுள் ஒரே ஒரு நாளின் 24 அளவுகள் பொய்ப் பூஜ்யங்களாகிவிட்டால், ஆண்டுச் சராசரி 24 முறை 600 வகுத்தல் 8,760, அதாவது ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர் தாழ்ந்துவிடும். கடல் மட்டம் உயர்வதாக நெடுங்காலப் பதிவுகள் காட்டும் வேகமோ ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டரே. ஒரு நாள் மௌனத்தைப் பூஜ்யமாக எழுதியதால் ஓராண்டு உயர்வு மறைந்துபோகும். ஆய்வு நிலையங்களில் பதிவுகளைச் சரிபார்ப்போர் இத்தகைய பூஜ்யங்களைப் பெரும்பாலும் கண்டு நீக்கிவிடுவர். பள்ளி ஆய்வகத்திலும் பஞ்சாயத்து நீர்நிலைப் பதிவிலும் அவ்வாறு சரிபார்ப்போர் அரியர்.

ஆசிரியர்கள் மாணவருக்கு நிரல் எழுதக் கற்பிக்கையில், கருவி சரியாகப் பேசும் நேரத்திற்குரிய பாடத்தை மட்டும் நடத்துகின்றனர். பாடநூல்களும் அவ்வாறே அமைந்துள்ளன. மாணவர் நிரலை ஓட்டியதும் எண்கள் திரையில் ஓடினால் பாடம் முடிந்தது. உண்மையில் அவ்விடத்தில்தான் பாடம் தொடங்க வேண்டும். கம்பியைப் பிடுங்கியபின் திரையில் என்ன எழுதப்படுகின்றது என்று மாணவர் கண்டு, அதற்குக் காரணம் சொல்லி, "அளவு இல்லை" என்னும் தனிக் குறியை நேரத்துடன் எழுதும்படி நிரலைத் திருத்தவேண்டும். இதற்குப் புதிய சாதனம் ஏதும் வாங்கத் தேவையில்லை. ஒரு வகுப்பு நேரம் போதும். அளவை என்பது எண்ணைப் பெறுவது மட்டுமன்று, எண் கிடைக்காமையையும் உண்மையாகக் குறிப்பது என்பதை மாணவர் வேறெந்தச் சோதனையிலும் இத்துணை எளிதாகக் கற்றுக்கொள்ள மாட்டார்.

களப்பணியாளர் நிலை வேறு. அவர்கள் நிரலை எழுதுவதில்லை. பூட்டிய பெட்டியாகவே கருவியைப் பெற்றுக்கொள்கின்றனர். ஆயினும் பெற்றுக்கொள்ளும் நாளில் சோதித்துப் பார்க்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. உணரியின் துல்லியத்தையும் நினைவகத்தின் அளவையும் விரிவாகக் கேட்கும் கொள்முதல் விதிகளில், உணரி மௌனமானால் பெட்டி என்ன எழுதும், எத்தனை நொடி காத்திருக்கும், மற்ற உணரிகள் தடைப்படுமா என்னும் மூன்று கேள்விகளையும் சேர்த்தல் வேண்டும். விடை எழுத்தில் பெறப்பட வேண்டும்.

சோதனையைச் செய்யும்போது ஒரு நுட்பம் நினைவிற்கொள்ளத்தக்கது. கணிப்பொறிப் பெட்டிக்கும் இணைப்பு மாற்றிக்கும் இடையிலுள்ள யு.எஸ்.பி. கம்பியைப் பிடுங்கினால், சாதனமே மறைந்துவிட்டது என்பதை இயக்கி உடனே உணரும். உறங்கும் நிரல் பொதுவாக விழித்துக்கொண்டு பிழையைப் பெறும். அதனைக் கண்டு கருவி நன்றாக இருக்கின்றது என்று முடிவு செய்வது தவறு. இணைப்பு மாற்றிக்கு அப்பால், உணரிக்குச் செல்லும் நீண்ட கம்பியையே கழற்ற வேண்டும். அப்போது மாற்றி உயிருடன் இருக்கும். இயக்கிக்கு ஒரு குறையும் தெரியாது. செய்தி மட்டும் வராது. கடற்காற்றில் உண்மையாகக் கெடுவது பெரும்பாலும் அந்தக் கம்பியே. அதனைக் கழற்றிப் பத்து நிமிஷம் கழித்துப் பதிவேட்டைத் திறந்து பார்த்தால், அங்கே இடைவெளி இருக்கின்றதா, பூஜ்யம் இருக்கின்றதா, கடைசியாக வந்த எண்ணே மறுபடி மறுபடி எழுதப்பட்டிருக்கின்றதா, மற்ற உணரிகளின் வரிசை தொடர்கின்றதா என்பது தெரிந்துவிடும். கம்பியை மறுபடி மாட்டியபின் பதிவு தானாகத் தொடங்குகின்றதா என்பதையும் பார்த்துவிட்டே பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமிடலாம்.